டூட்: கேலிப் பேராக இருந்த சொல்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டூட்! நாம் 'மச்சி' என்று கூப்பிடுகிற இடத்தில் அமெரிக்கப் பையன்கள் சொல்வார்களே, அதேதான். ஆனால் 1883-ல் நியூயார்க்கில் ஒருவரை டூட் என்று சொல்லியிருந்தால் முகம் சுருங்கிப்போயிருக்கும்.

அப்போது அது கேலிப் பேர். பணக்கார வீட்டு இளைஞர்களைப் பத்திரிகைகள் அப்படித்தான் சீண்டின. அந்தக் காலத்துக் கேலிச்சித்திரங்களைப் பாருங்கள்: காலோடு ஒட்டிய பேன்ட், கழுத்தைத் திருப்ப விடாத கஞ்சி போட்ட காலர், கூர்மூக்கு ஷூ, கையில் மெல்லிய பிரம்பு. பேச்சில் இங்கிலாந்துக்காரர் மாதிரி ஓர் இழுவை வேறு. 1883 ஜனவரியில் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் இவர்களை நையாண்டி செய்து ஒரு கவிதை வந்தது. சில மாதங்களில் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

பேர் எங்கிருந்து வந்தது? பாரி பாப்பிக், ஜெரால்ட் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, 'யாங்கி டூடுல்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். தொப்பியில் ஓர் இறகைச் செருகிக்கொண்டு, அதையே பெரிய நாகரிகமாக நினைக்கிறவன் அந்த டூடுல். எனக்கு இது ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் சொல் மேற்கே போனது. கிழக்கு நகரங்களிலிருந்து குதிரை ஏற வந்தவர்களை அங்கே டூட் என்றார்கள். காசு கொடுத்துத் தங்கும் 'டூட் ரான்ச்' பண்ணைகள் வயோமிங் மாநிலத்தில் இன்றும் இருக்கின்றன.

எனக்குப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். 1930, 40-களில் அகலத் தோள் கோட்டும் தொளதொள பேன்ட்டுமாக நடந்த கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் ஒருவரை ஒருவர் டூட் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நன்றாக உடுத்துவது அவர்களுக்குத் தன்மானம். கேலி அங்கே உதிர்ந்துவிட்டது, தோழமை ஒட்டிக்கொண்டது. பிறகு கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள், அவர்களுக்குப் பின்னால் எல்லாரும்.

மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004-ல் இந்த ஒரே சொல்லுக்காக ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நெருக்கம் உண்டு, ஆனால் ரொம்பவும் ஒட்டிக்கொள்ளாத நெருக்கம் என்கிறார். தொனியைக் கேட்டால் புரியும். நண்பன் பர்ஸைத் தொலைத்துவிட்டு வந்தால், குரலை இறக்கி, "டூட்...". அதே பர்ஸ் சோபாவுக்கு அடியில் கிடைத்தால், "டூஊஊட்!"