ஆமையின் ஈரலை எதில் பொதிவது?

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் நேயர்களுக்கு வணக்கம்.

குவாசுலு-நட்டாலின் வடகரையில் பெருந்தலை ஆமையும் தோணி ஆமையும் முட்டையிடுகின்றன. 1963 முதல் அங்கே அவற்றைக் கணக்கெடுக்கிறார்கள். அதே வட்டாரத்து வீடுகளில்தான் மலேரியாக் கொசுவுக்கு டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். 1996-இல் கைவிட்டார்கள், காய்ச்சல் பெருகவே 2000-இல் திரும்ப எடுத்தார்கள். ஆமையின் உடம்பில் டிடிடி ஏறியிருந்தால் அது கொழுப்பில் தங்கும். காட்மியம் சிறுநீரகத்திலும், பாதரசம் ஈரலிலும் மிகுதியாகச் சேரும்.

இவை ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க, செத்து ஒதுங்கிய ஆமையின் ஈரல் போன்ற உறுப்புகளில் துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் செத்த ஆமையையும் அனுமதி இல்லாதவர் தொடக்கூடாது. அனுமதி பெற்றவர்கள் கத்தி எடுக்கும் முன்பே, எந்தச் சோதனை என்று முடிவு செய்துவிட வேண்டும்.

புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்க வேண்டாம் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களின் சோதனைக்கும் அதே கதைதான், அலுமினியத் தாள் ஆகாது. பத்து சத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, தூய நீரில் அலசிய பிளாஸ்டிக் டப்பா வேண்டும். எவர்சில்வர் கத்தியிலிருந்து குரோமியமும் நிக்கலும் ஒட்டும். பீங்கான் கத்தி நல்லது. டிடிடி போன்றவற்றுக்கு எல்லாமே தலைகீழ். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள்கள் சோதனையைக் குழப்பும். அசிட்டோன், பிறகு ஹெக்சேன் என்ற கரைப்பான்களை விட்டு அலசிய அலுமினியத் தாளோ கண்ணாடிக் குப்பியோதான் சரி. குப்பியில் கால்பங்கு காலியாக விடுங்கள், உறையும்போது திசு விரிந்து கண்ணாடி வெடிக்கும். ஆக, ஒரே ஈரலில் இரண்டு துண்டு, இரண்டு பொதி. வெட்டும்போது ஒரு வெறுங்குப்பியையும் பக்கத்தில் திறந்து வைத்து, மூடி, மற்றவற்றோடு அனுப்புங்கள். அதில் ஏதாவது தென்பட்டால் அது நம்மிடமிருந்து வந்த அழுக்கு.

திசு அழுகாமல் காக்கும் திரவமான ஃபார்மலினில் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. நோய்க்கூறு பார்க்க அது வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டு, அதைப்போல் பத்து மடங்கு திரவம். மாசுச் சோதனைக்கு அது கேடு. திசுவில் உள்ளதைத் திரவம் இழுத்துக்கொள்ளும், தன்னிடம் உள்ளதைத் திசுவில் ஏற்றியும்விடும்.

உயிருள்ள ஆமையின் இரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்துள்ள குழாய்தான். உறைவைத் தடுக்கும் இன்னொரு பொருளான இடிடிஏ உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், ஆமையின் இரத்த அணுக்களையும் உடைக்கக்கூடும்.

திசுத் துண்டுகளைச் சில மாதங்கள் வைத்திருக்க மைனஸ் 20 டிகிரி போதும். ஆண்டுக்கணக்கில் என்றால் மைனஸ் 80. பனிக்கட்டி படியாத வகை ஃப்ரீசர் வேண்டாம், அது தானே அடிக்கடி சூடேறித் திசுவை உலர்த்திவிடும். மின்வெட்டு நம் ஊரில் தெரிந்த தொல்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு காசை வைத்து ஃப்ரீசரில் விடுங்கள். காசு அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உருகிய ஈரலிலிருந்து நீர் வடிந்துவிடும். பிறகு கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கே தப்பாகும். உருகியதைக் கண்ட தேதியைப் பொதியின் மேல் எழுதி, ஆய்வகத்தாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.