முயல் எலும்பு விடாமல் பிடித்த டைட்டானியம், இன்று அப்பிச்சி வாயில்!

வணக்கமுங்க. எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, முறுக்கை டீயில் முக்கி, நன்றாக ஊறிய பிறகுதான் வாயில் வைப்பார். கடைவாய்ப்பல் இல்லை. பல்செட் சட்டைப்பையில், கைக்குட்டைக்குள் இருக்கும். விசேஷ வீடுகளில் மட்டும் வெளியே வரும்.

இம்ப்ளான்ட், அதாவது இல்லாத பல்லுக்கு வேராகத் தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானிய உலோகத் திருகு என்றதும் அவர் கேட்டது இதுதான்: “எலும்புல திருகாணிய முடுக்கினா, அது எப்படிக் கண்ணு நிக்கும்?”

1952இல் ஸ்வீடனில் பேர் இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவர், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைக் கவனித்தார். முடித்துவிட்டுக் கழற்றப் போனால் வரவில்லை! எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. 1965இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார்.

காங்கேயம் பக்கம் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை மர வேலி பார்த்திருப்பீர்கள். கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய குச்சியை, நட்ட அன்றே அதில் மாட்டைக் கட்டுவோமா? வேர் விட்டு மண்ணைப் பிடிக்க வேண்டும். வாய்க்குள் நடப்பது இதற்குத் தலைகீழ். நட்ட குச்சி வேர் விடாது. மண்ணே வளர்ந்து வந்து குச்சியைப் பிடித்துக்கொள்கிறது! எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது.

அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். கீழ்த்தாடைக்கு வழக்கமாக மூன்று மாதம். மேல்தாடை எலும்பு மென்மை, ஆறு மாதம்கூட ஆகலாம். சிலருக்கு உடனே பல் வைக்க முடியும், ஆனால் எல்லார் எலும்பும் அதற்குத் தாங்காது. விளம்பரத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள், ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

எலும்பு பிடித்த பிறகு மேலே பல் வடிவத்தில் கேப், அதாவது கிரவுன். சிர்கோனியா என்ற கெட்டியான வெள்ளைப் பொருளிலோ பீங்கானிலோ செய்வார்கள்.

சரி, பக்கத்துப் பற்களின் மேல் பாலம் மாதிரி மாட்டும் பிரிட்ஜ் போட்டால் ஆகாதா? ஆகும், செலவும் குறைவு. ஆனால் இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவ வேண்டும். சொத்தையில்லாத பல்லை ராவ எனக்கு மனசு வராது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் எலும்பு பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரையலாம். தினமும் துலக்கியே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதை ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள்? கமெண்டில் எழுதுங்கள்.

அப்பிச்சி நாலு மாதம் பொறுத்திருந்தார். கேப் போட்டு ஒரு வாரம் கழித்து, டீயை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு முறுக்கை அப்படியே கடித்தார். அந்தச் சத்தத்தில் அம்மாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.