மார்புக்குள்ளே ஒரு நெறி

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் பெண்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியது)

அக்காமார்களே, தங்கச்சிகளே, வணக்கம்.

தோட்டத்தில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். முள் குத்திப் புண் சீழ் வைத்தால் தொடை இடுக்கு வீங்கி வலிக்கும். "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுப்பார். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. காலில் புகுந்த கிருமியை அங்கேயே மறித்துப் போராடுவதால்தான் அது வீங்குகிறது.

அக்குளில் இந்தக் கணுக்கள் இருப்பது நிறைய பேருக்குத் தெரியும். மார்புக்கு உள்ளேயே, சுற்றிலும் மார்புத் திசு சூழ, ஒன்றிரண்டு இருக்கலாம் என்பது தெரியாது. நெஞ்செலும்பு ஓரத்தில் இருப்பவை வேறு; அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

28 வருடம் மேமோகிராம் அறையில், அதாவது மார்பை எக்ஸ்ரே எடுக்கும் அறையில், படம் எடுத்தவள் நான். இந்தக் கணு பெரும்பாலும் மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டிய பகுதியில் தெரியும். அவரைக் கொட்டை மாதிரி இருக்கும். ஓரம் வழுவழுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக. ஒரு பக்கம் சின்னக் குழிவு, அதில் கொழுப்பு. படத்தில் கணு வெள்ளை, அந்தக் கொழுப்பு கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்தாலே எனக்கு மனம் லேசாகிவிடும். நோயில்லாத பெண்ணுக்கு இப்படி ஒன்று இருந்தால் பயமே வேண்டாம். தோலில் கரப்பான், புண் என்று வந்தாலும் அது கொஞ்சம் வீங்கும்.

ஆனால் அதே மார்பில் புற்றுநோய் இருந்தால் பேச்சே வேறு. 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றுநோய்க்காக அகற்றிய 158 மார்புகளை முழுதாக ஆராய்ந்தார்கள். 28 சதவீதத்தில் உள்கணு இருந்தது. அவற்றில் சிலவற்றுக்குள் நோய் பரவியிருந்தது. கட்டி இருந்த பகுதியிலேயே அந்தக் கணுவும் இருக்க வேண்டும் என்றில்லை, தள்ளியும் இருந்தது. உள்கணுவில் நோய் இருந்தால் அக்குளிலும் இருக்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கட்டத்தை (ஸ்டேஜ்) குறிக்கும்போது உள்கணுவையும் அக்குள் கணுவாகவே கணக்கில் எடுக்கிறார்கள். கட்டம் மாறினால் அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாமே மாறலாம். ஒரு பயறளவு சமாச்சாரம்தான். அதை விட்டுவிட்டால் சிகிச்சையே குறைந்துபோகும்.

ஓர் அக்காவை நான் மறக்கவே மாட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்தார். கட்டி முலைக்காம்புக்குக் கீழே. முதலில் பார்த்த இடத்தில் கொடுத்த ரிப்போர்ட்டில் கடைசிக்கு முந்தின வரி இந்தக் கணுவைப் பற்றியது. அந்த வரியை அங்கே யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

"தங்கச்சி, இது இன்னொரு கட்டியா?" என்று கேட்டார்.

"பழைய படம் ஏதாவது இருக்காக்கா?" என்றேன்.

மறுவாரம் கொண்டுவந்தார். சாமி அறை அலமாரியில், கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். காக்கி உறையில் கற்பூர வாசம். ஆறு வருடத்துப் படம். லைட் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். பழையதில் சின்ன அவரைக் கொட்டை, நடுவே கறுப்பு. புதியதில் அதே இடத்தில் உருண்டையாக, முன்னதைவிட இரண்டு மடங்கு; கறுப்பைக் காணோம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. முடிவு சொல்வது என் வேலையில்லை. படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். ஸ்கேனில் கணுவின் மேலோடு தடித்திருந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே நோய் இருந்தது. அக்குளையும் உடனே சோதித்தார்கள். அறுவைக்கு முன்பே கீமோ தொடங்குவது என்று டாக்டர்கள் திட்டத்தை மாற்றினார்கள்.

உங்களில் யாருக்காவது புற்றுநோய் என்று சொல்லியிருந்தால், டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "மார்புக்குள் கணு தெரிகிறதா? அதற்கும் ஊசிப் பரிசோதனை தேவையா? அறுவையில் அதையும் எடுக்கப்போகிறீர்களா?" கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருத்துவமனை மாறும்போது பழைய படம், சிடி எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பின்வரிசை மேசைக்கு வாருங்கள். வரி வரியாகப் படித்து, டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். ஒன்பது மணி வரை இங்கேதான் இருப்பேன்.