பிசியோதெரபிக்குப் போனால் கோபம் வருவது ஏன்?

[திரையில்: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. திண்ணையோரம் வாக்கர்.]

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 65. நேற்றுவரை பத்து ஆளுக்கு வேலை சொன்னவர். இன்று மருமகள் சோறு ஊட்டுகிறார். பிசியோதெரபிஸ்ட் பிளாஸ்டிக் கூம்புகளை நீட்டி, "ஐயா, இதை எடுத்து அடுக்குங்கள்" என்கிறார். அவர் தட்டிவிடுகிறார்.

வீட்டார் இதைப் பிடிவாதம் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பால்வாடிப் பிள்ளையின் விளையாட்டுச் சாமானைக் கையில் கொடுத்துவிட்டார்களே என்ற அவமானம் அது.

உடம்பின் பங்கும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சிலருக்கு மூளையின் பாதிப்பாலேயே காரணமில்லாமல் அழுகை பொங்கும், சிரிப்பும் வரும். நலம் விசாரிக்க வந்தவர் முன் அழுதுவிட்டு, அதை நினைத்தே கூனிக் குறுகுவார்கள். இது நோயின் அறிகுறி என்று வீட்டாருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

[திரையில்: கட்டில். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்த கால்.]

அடுத்தது பயம். நாற்காலியில் சிரமமின்றி உட்கார்ந்து எழ, முழங்கால் சுமார் 90 பாகையாவது மடங்க வேண்டும். பிசியோ குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்குகிறார்.

"வலி பத்துக்கு எத்தனை, அம்மா?"

"பரவாயில்லைங்க, மூன்று இருக்கும்."

ஆனால் அம்மாவின் இடது கை படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது. மூச்சை அடக்கியிருக்கிறார். படித்தவர் முன் முடியாது என்று சொல்ல நம் பக்கத்தில் பலருக்கு வாய் வராது. அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டில் காலை அசைக்கவே மாட்டார்கள். அசைக்காத கால் இறுகும், இறுகிய கால் இன்னும் வலிக்கும், பயம் கூடும்.

பிசியோ அந்தக் கையைப் பார்க்க வேண்டும். "நீங்கள் போதும் என்றால் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி விட்டும் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான எண் வாயில் வரும்.

[திரையில்: விசைத்தறிக்கூடம், பல்லடம்.]

சிகிச்சை உறவுக்கு மூன்று பகுதிகள் என்றார் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின், 1979-ல்: இலக்கில் உடன்பாடு, பயிற்சியில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. அவர் சொன்னது உளச்சிகிச்சைக்கு. பிசியோதெரபிக்கும் அது பொருந்துகிறது. பெரும்பாலும் கோட்டைவிடுவது முதலாவதைத்தான். தோள் இறுகிய தறிக்காரருக்குக் கையை 150 பாகை உயர்த்துவது ஓர் இலக்கே அல்ல. தறிமேல் சாய்ந்து அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும், அவ்வளவுதான். கோபி விவசாயியைக் கேட்டால், வேட்டியை நானே கட்ட வேண்டும் என்பார். அப்படியானால் கூம்பு எதற்கு? வேட்டியையே கையில் கொடுக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. வசதிதான். ஆனால் வீட்டில் வேடிக்கை பார்ப்பவர்கள் அதிகம். தடுமாறும் காலைப் பேரன் முன் காட்டக் கூசுவார்கள். உறவினரைச் சற்று நேரம் வாசலில் உட்காரச் சொல்வதில் தவறில்லை.

பிணைப்புக்கும் எல்லை உண்டு. தோட்டத்துத் தேங்காய் இரண்டு கொடுப்பது அன்பு. அந்தப் பிசியோ வராத நாளில் பயிற்சியே செய்யமாட்டேன் என்றால், அவர்தான் மெல்லக் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அது பிசியோவின் வேலையைத் தாண்டியது. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.