பாரிஸுக்குப் போகும் வழி அடைபட்டபோது

அவையோருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் தொழில் செய்த பெண் ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் கடை நடத்திய மேடம் கிரேயைச் சொல்லலாம். 1941 ஜூனில் துணிக்கும் ரேஷன் கூப்பன் வந்த பிரிட்டனைச் சொல்லலாம். நான் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் கிளேர் மெக்கார்டெல்.

பற்றாக்குறை வந்தால் புதுமை தானாகப் பிறக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெக்கார்டெல் கையில் புதுமை போருக்கு முன்பே இருந்தது. அதை நம்பத்தான் வியாபாரிகள் இல்லை.

அப்போது அமெரிக்க ஆடை நிறுவனங்களில் வடிவமைப்பாளர் வேலை என்றால் பாதி நகலெடுப்புதான். பாரிஸுக்குக் கப்பலேறுவது, அங்குள்ள ஆடைகளை வரைந்து வருவது, நியூயார்க்கில் தைத்து விற்பது. டவுன்லி என்ற நிறுவனத்துக்காக மெக்கார்டெலும் அப்படிப் போய் வந்தவர். 1938இல் அவர் தன் யோசனைப்படி ஒரு கவுன் தைத்தார். இடுப்பில் தையலே கிடையாது, கூடாரம் போலத் தொங்கும். உடுத்துகிறவர் தன் இடுப்புக்கு ஏற்றபடி பெல்ட்டால் கட்டிக்கொள்ளலாம். ஏகமாக விற்றது. உடனே ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். அவர்களோடு வழக்காடியே டவுன்லி படுத்துவிட்டது!

1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தது. நகலெடுக்க ஊர் இல்லை. சரி, இனி உள்ளூர் ஆட்களையாவது நம்புவோம் என்ற நிலைக்கு வியாபாரிகள் வந்தார்கள். மீண்டும் திறந்த டவுன்லியின் ஆடைகளில் மெக்கார்டெலின் பெயரும் சேர்த்துத் தைக்கப்பட்டது. அந்நாளில் அது அபூர்வம்.

அப்புறம் தட்டுப்பாடு வந்தது. ஜப்பானியப் பட்டு நின்றது. நைலான் பாராசூட்டுக்குப் போனது. ஜிப்புக்கு வேண்டிய உலோகம் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போனது. 1942இல் போர் உற்பத்தி வாரியம் 'எல்-85' என்று ஓர் ஆணை போட்டது. ஆடையின் ஓரம் மடிப்பதற்குக்கூட இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடாது. கொசுவமும் தொங்கலும் வைத்துப் பழகியவர்களுக்கு இது தலைவலி. பருத்தி, டெனிம், கொக்கி, நாடா என்று ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவருக்கு இதில் இழக்க என்ன இருந்தது?

அதே ஆண்டில் வந்ததுதான் 'பாப்ஓவர்'. வீட்டு வேலைக்கு இருந்த பெண்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டதால், வசதியான வீட்டுப் பெண்களும் தாங்களே சமைக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஏற்ற ஆடை வேண்டும் என்று 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகை கேட்டது. மெக்கார்டெல் டெனிம் துணியில், உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் ஒரு கவுனைத் தந்தார். பெரிய பாக்கெட் ஒன்று. சூடான பாத்திரம் பிடிக்க ஒரு கையுறை, அதுவும் ஆடையோடே. விலை 6 டாலர் 95 சென்ட். முதல் பருவத்திலேயே சுமார் 75,000 விற்றது. நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்கு ஓடும் கதை என்று நினைத்துவிடாதீர்கள். விருந்தாளி வந்தால் அதோடேயே போய் வரவேற்கலாம். அப்படித்தான் அதை வெட்டியிருந்தார்.

செருப்பு விஷயம் எனக்கு இன்னும் பிடிக்கும். 1943 பிப்ரவரியில் தோல் காலணிகளுக்கு ரேஷன் வந்தது. பாலே நடனக் காலணிக்கு மட்டும் ரேஷன் இல்லை. கபேசியோ நிறுவனத்தின் நடனக் காலணிக்குக் கெட்டியான அடிப்பாகம் போடச் சொல்லி, தன் ஆடைகளோடு சேர்த்துவிட்டார். சட்டத்தை மீறவில்லை, அதில் இருந்த ஓட்டை வழியே நடந்து போனார்.

1947இல் பாரிஸ் திரும்பி வந்தது. அங்குள்ள வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் கஜக்கணக்கில் துணியைக் கொட்டி, இடுப்பை இறுக்கி, உலகத்தையே மயக்கினார். மெக்கார்டெலும் அகலப் பாவாடைகள் தைத்தார், ஆனால் உள்ளே விறைப்பான கம்பியோ பஞ்சோ வைக்கவில்லை. தட்டுப்பாடு போன பிறகும் பாப்ஓவரை அவர் விடவில்லை. துணியை மாற்றி, நீளத்தை மாற்றி, வருடா வருடம் தைத்துக்கொண்டே இருந்தார்.