பழகிய புழு, பழகாத புழு

(பாம்பனில் மீனவப் பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, வேலையை முடித்துவிட்டு வந்து பின்னால் நிற்கிற அண்ணன்மார்களே, வணக்கம்.

மீனை அறுத்துக் குடலை எடுக்கும்போது, கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுருண்டு கிடக்கும் சின்ன வெள்ளைப் புழுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரும். விரலால் வழித்து எறிந்துவிட்டு அடுத்த மீனை எடுப்பீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். நான் அந்தப் புழுவை எறியாமல் எடுத்து வைத்துப் படிக்கப் போனவள்.

அதில் ஒரு வகைக்கு அனிசாகிஸ் என்று பெயர். உருளைப்புழு இனம். அதன் சொந்த வீடு மீன் இல்லை, ஓங்கல் என்கிற டால்பினும் திமிங்கலமும்தான். அவற்றின் இரைப்பையில்தான் அது முழுப் புழுவாக வளர்ந்து முட்டையிடும். முட்டை கடலில் கலக்கும். பொரித்து வருவதைக் கூனி போன்ற சின்ன உயிர்கள் தின்னும், கூனியை மீனும் கணவாயும் தின்னும், அவற்றை ஓங்கல் தின்னும். சுற்று முடிந்தது. இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே கிடையாது.

ஆனால் மீனைப் பச்சையாகவோ அரைகுறையாகவோ தின்றால் நாமும் உள்ளே மாட்டிக்கொள்கிறோம். நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தின்றவர்கள் தாங்க முடியாத வயிற்று வலியோடு வந்தார்கள். 1960-இல் வான் தீல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் அதற்குக் காரணம் இந்தப் புழுதான் என்று எழுதினார்கள். பச்சை மீன் தின்னும் ஜப்பானில்தான் இந்த நோய் அதிகம். உயிருள்ள புழுவுக்கு நம் குழம்புச் சட்டி எமன். மீனின் நடுப்பகுதி வரை 60 டிகிரி சூடு ஒரு நிமிடம் ஏறினால் போதும், செத்துவிடும். ஐஸ் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம், ஐஸில் அது பாட்டுக்கு உயிரோடு கிடக்கும். மைனஸ் 20 டிகிரியில் முழுதாக உறைந்தால்தான் சாகும். சில மீன்களில், மீன் செத்த பிறகு புழு குடலை விட்டுச் சதைக்குள் நகர்கிறது. பிடித்த கையோடு குடலை எடுத்துவிடும் நம் பெண்களின் பழக்கம் எவ்வளவு சரியானது பாருங்கள்.

சரி, உள்ளே போனால் ஏன் இவ்வளவு வலி? நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

நாக்குப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உருளைப்புழுதான். ஒரு சாண் நீளத்தையும் தாண்டி வளரும். பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். ஓராண்டுக்கு மேலும் வயிற்றில் இருக்கும். இத்தனை பெரிய உயிர் குடலுக்குள் குடியிருந்தும், பல பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரிவதில்லை. காரணம், அது நம்மோடு பழகிய புழு. பல்லாயிரம் ஆண்டுகளாக நம் உடலின் காவலைப் படித்து வைத்திருக்கிறது. இந்த மாதிரிப் புழுக்கள் தம் உடலிலிருந்து புரதங்களைக் கசியவிட்டுக் காவல் அணுக்களைத் தணிய வைக்கின்றன. எலியின் குடலில் வாழும் ஒரு புழுவை ரிக் மேய்சல்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு பிரிட்டனில் ஆராய்ந்து, 2017-இல் ஒரு புரதத்தை அறிவித்தது. உடலை அமைதிப்படுத்த நம் அணுக்களே அனுப்பும் ஒரு சமிக்ஞை உண்டு. அந்தப் புரதம் வடிவத்தில் அதைப்போல் துளியும் இல்லை, ஆனால் அதே பூட்டைத் திறக்கிறது. சாவியைப் பார்க்காமலே கள்ளச்சாவி செய்த மாதிரி. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அனிசாகிஸுக்கு நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. ஓங்கல் என்று நினைத்து இரைப்பைச் சுவரில் தலையை நுழைக்கிறது. உடல் அதைச் சும்மா விடுவதில்லை. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகச் சூழ, அந்த இடம் வீங்குகிறது. கூடவே ஐஜி-ஈ என்ற எதிர்ப்பொருள், அதாவது அந்நியரை அடையாளம் கண்டு பிடிக்க உடல் செய்யும் புரதம், உண்டாகிறது. அலர்ஜிக்கும் இதுதான் காரணம் என்று 1966-இல் இஷிசாகா என்ற ஆய்வாளர் தம்பதியர் கண்டார்கள். அதனால்தான் சிலருக்கு வயிற்று வலியோடு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு முட்டல்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடம் மீன் அறுத்தவர். கையில் தடிப்பும் அரிப்பும் வந்தது. பார்த்த இடத்தில், "மீன் ஒத்துக்கலை, விட்டுடுங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். எந்த மீன், குடலைத் தொட்டபோதா சதையைத் தொட்டபோதா, இறால் தின்றால் என்ன ஆகிறது, ஒன்றுமே கேட்கவில்லை. அத்தை தொழிலை விட்டார். அவருக்கு வந்தது மீனாலா, இறாலாலா, புழுவாலா என்று இன்று வரை தெரியாது. அது எனக்கு ஆறவே இல்லை.

ஏனென்றால் இந்தப் புழுவின் சில புரதங்கள் கொதியிலும் சிதையாதவை. செத்த புழுவும் தொல்லை தருமா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் இறாலிலும் நண்டிலும் இருக்கிறது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியிலும் இருக்கிறது, இந்தப் புழுவிலும் இருக்கிறது. அதனால் இறால் அலர்ஜிக்காரரின் ரத்தம்கூடப் புழுச் சோதனையில் "ஆமாம்" என்று சொல்லலாம். புழுவுக்கே உரிய புரதங்களைத் தனியாகச் சோதித்தால்தான் தெளிவு வரும். டாக்டரிடம் போனால் எந்த மீன், என்ன வேலை செய்தபோது, எத்தனை மணி நேரத்தில் என்று விவரமாகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அப்புறம், குடலில் பார்க்கிற எல்லாப் புழுவும் அனிசாகிஸ் இல்லை. மீனிலேயே வளர்ந்து முடிவது உண்டு, நீர்க்காகத்தில் போய் வளர்வது உண்டு. குஞ்சுப் பருவத்தில் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். அனிசாகிஸிலேயே ஒரே இனம் என்று நினைத்திருந்ததை, 1980-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் மரபு அடையாளங்களை வைத்துத் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். இன்று ஒரு துண்டுப் புழு கிடைத்தாலும் அதன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் பெருக்கிப் படித்து, இன்ன இனம் என்று சொல்லிவிடலாம்.

அதற்கு உங்கள் கை வேண்டும். மேசைமேல் எத்தனால் ஊற்றிய குப்பிகள் வைத்திருக்கிறேன். புழுவைப் பார்த்தால் எறியாமல் இதில் போடுங்கள். ஃபார்மலினில் போட வேண்டாம், அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். என்ன மீன், எந்தத் தேதி, தென்கடலா வடகடலா என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.