காந்தம் வருவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவிகளுக்கு அறை அமைத்துக் கொடுப்பது என் தொழில். மதுரையில் என்னை அழைப்பவர்களில் பாதிப் பேர் கருவிக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் அழைக்கிறார்கள். இடம் பார்க்காமல் கட்டிலும் பீரோவும் வாங்குவது போன்றதுதான் இது. ஆனால் பீரோவைக் கழற்றலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியின் காந்தத்தைக் கழற்ற முடியாது. ஒரே உருப்படி, நான்கைந்து டன்.

மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மருத்துவமனை. அறை தயார், குளிர்சாதனம் தயார். லாரி மட்டும் சந்துமுனையில் திரும்பவில்லை. தேரென்றால் முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப ஆள் இருக்கிறது. லாரிக்கு யார் இருக்கிறார்கள்? நள்ளிரவில் கிரேன் வரவழைத்து, அந்த வாரம்தான் பூசிய சுவரை இடித்து உள்ளே இறக்கினோம்.

‘சுவருக்கு ஈயத்தகடு எவ்வளவு கனம்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எக்ஸ் கதிரால் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் அறைக்கு உரியது; ஈயம் அந்தக் கதிரைத் தடுக்கத்தான். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் கிடையாது. வேண்டியது பெரும்பாலும் செப்புத்தகட்டாலான கூண்டு. 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவி ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸில் உடலிலிருந்து வரும் மெல்லிய அலையைக் கேட்கிறது. நீங்கள் கேட்கும் பண்பலைக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். வெளியிலிருந்து அந்த அலைவரிசையில் எது நுழைந்தாலும் படத்தில் கோடு விழும்.

கூண்டு வானொலி அலையைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. காந்தப்புலம் ஐந்து காஸ் அளவுக்குக் குறையும் எல்லையை வரைபடத்தில் குறித்துவிட்டு, சுவருக்கு அப்பால் மட்டுமல்ல, மேல்மாடியிலும் யார் உட்காருகிறார் என்று பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் அந்த எல்லைக்குள் தெரியாமல் வந்துவிடக் கூடாது. பக்கத்தில் லிஃப்ட் ஏறி இறங்கினாலும் படம் கெடலாம்.

பெரும்பாலான காந்தங்களைக் குளிர்விப்பது திரவ ஹீலியம், மைனஸ் 269 டிகிரியில். காந்தம் திடீரென்று தன் குளிர்ச்சியை இழந்தால் ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேல் வாயுவாகும். அதை வெளியேற்றத் தனிக்குழாய் வேண்டும். ஒரு வரைபடத்தில் அந்தக் குழாயின் வாய், அடுத்த வீட்டு மாடியில் வற்றல் காயும் இடத்தைப் பார்த்திருந்தது!

காந்தத்தின் குளிர்ச்சியைக் காக்கும் ‘சில்லர்’ என்ற குளிரூட்டும் கருவியை இரவில் நிறுத்தவே கூடாது. ஸ்கேன் இல்லாத நேரத்திலும் அது ஓட வேண்டும்; நின்றால் விலையுயர்ந்த ஹீலியம் ஆவியாகத் தொடங்கும். ஜெனரேட்டர் வாங்கும்போது பலர் விட்டுவிடும் கணக்கு இது.

நாளை திருமங்கலத்தில் ஓரிடம் பார்க்கப் போகிறேன். இன்னும் முன்பணம் கட்டவில்லையாம்! அளவு டேப்புடன் முதலில் தெருமுனைக்குத்தான் போவேன். நன்றி, வணக்கம்.